தராசில் ஏறிய கோளம்

ஆர்க்கிமிடிஸ் மீது ஐரோப்பியக் கணிதவியலாளர்களுக்கு நெடுங்காலம் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆக்ஸ்போர்டில் 17ஆம் நூற்றாண்டில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ் அதை ஒளிக்காமல் எழுதியே வைத்தார். முடிவுகளை ஒப்புக்கொள்ளும்படி இந்த மனிதர் நம்மை மடக்கிவிடுகிறார். ஆனால் அந்த முடிவுகளுக்குத் தான் வந்து சேர்ந்த வழியைப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட மனமில்லாமல் தடயங்களை அழித்துவிட்டவர் போலத் தெரிகிறார் என்பது அவருடைய குறை.

அதில் நியாயம் உண்டு. பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த கோளத்தின் கன அளவையே எடுத்துக்கொள்வோம். ‘கோளமும் உருளையும்’ என்ற நூலில் ஆர்க்கிமிடிஸ் அதை நிறுவுகிறார். கோளம் நான் சொல்லும் அளவைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள், முரண்பாடு வரும். சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் முரண்பாடு வரும். பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை என்றால் நான் சொன்ன அளவேதான். வாதத்தில் ஓர் ஓட்டையும் கிடையாது. ஆனால் இந்த வாதத்தைத் தொடங்குவதற்கே விடை கையில் இருந்தாக வேண்டும். அந்த விடை அவருக்கு எங்கிருந்து வந்தது?

வட்டத்தை அளந்தபோதும் இதே கதைதான். வட்டத்துக்குள்ளும் வெளியிலும் ஓர் அறுகோணம் வரைந்து, பக்கங்களை இரட்டிப்பாக்கிக்கொண்டே 12, 24, 48, 96 என்று போய், பை என்ற எண் 223/71க்கும் 22/7க்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டினார். பள்ளிக்கூடத்தில் நாம் போடும் 22/7 அங்கிருந்து வந்த மேல் எல்லை. இந்தக் கணக்குக்கு 3இன் வர்க்கமூலம் தேவை. அது 265/153ஐவிடப் பெரியது, 1351/780ஐவிடச் சிறியது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டாவது பின்னம் ஆறு தசம இடங்கள் வரை சரி. தசமமே இல்லாத காலத்தில் அதை எப்படிப் பிடித்தார் என்று ஒரு வரி கிடையாது. அதை விளக்க முயன்ற ஆய்வுக் கட்டுரைகள் ஒரு சிறு அலமாரியை நிரப்பும்.

வாலிஸ் இறந்து 200 ஆண்டுகள் கழித்து, கோளத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டுமாவது பதில் கிடைத்தது. கிடைத்த இடம் ஒரு பிரார்த்தனைப் புத்தகம்.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் இருந்த கிரேக்க நகரம் சிராகூஸ். அங்கே கி.மு. 287 வாக்கில் பிறந்தார். அப்பா ஃபிடியாஸ் வானியலாளர். இந்தத் தகவலும் மகன் ‘மணல் கணக்கு’ என்ற சிறு நூலில் சூரியனின் அளவைப் பற்றிப் பேசும்போது சொல்லிப்போனதால்தான் தெரியும். பிரபஞ்சம் முழுக்க மணலைக் கொட்டினாலும் மணிகளின் எண்ணிக்கை, நம் குறியீட்டில் சொன்னால் 1க்குப் பின் 63 சுழியங்களைத் தாண்டாது என்று கணக்குப் போட்ட நூல் அது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் அப்போதே சொன்ன கருத்து நம் கைக்கு வந்ததும் பெரும்பாலும் அந்த நூலின் வழியாகத்தான்.

கணிதத்தின் தலைநகரம் அப்போது எகிப்தின் அலெக்சாண்ட்ரியா. ஆர்க்கிமிடிஸ் சிராகூஸில் இருந்தபடியே அங்கிருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய நூல்கள் பலவும் அந்தக் கடிதங்களே. கோனன் என்ற வானியலாளரை உயிர் நண்பராக மதித்தார். கோனன் இறந்த பிறகு டோசிதியஸ் என்பவருக்கு எழுதினார். பெரிய நூலகத்தின் பொறுப்பாளரும் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவருமான எரட்டோஸ்தனிஸுக்கும் எழுதினார்.

இந்தக் கடிதங்களைப் படித்தால் ஆளிடம் கொஞ்சம் வம்புக்குணமும் இருந்தது தெரிகிறது. ‘சுருள்கள்’ நூலின் முன்னுரையில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். முன்பு நிறுவல் இல்லாமல் அனுப்பிய தேற்றங்களில் இரண்டு வேண்டுமென்றே தவறாக அனுப்பப்பட்டவையாம். எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நிறுவல் மட்டும் தராதவர்கள், நடக்கவே முடியாத ஒன்றையும் கண்டுபிடித்ததாக ஒப்புக்கொண்டு மாட்டட்டும் என்று வைத்த பொறி. எரட்டோஸ்தனிஸுக்கு அனுப்பியதாக அவர் பெயரில் வழங்கும் ‘மாட்டுக் கணக்கு’ இன்னும் மோசம். சூரியதேவனின் மந்தையில் எத்தனை மாடுகள் என்று கேட்கும் அந்தப் புதிரின் முழு விடையை 1965இல் கணினியை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். விடையாக வரும் எண்ணில் 206545 இலக்கங்கள்.

குளியல் தொட்டிக் கதைக்கு வருவோம், வராமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். சிராகூஸ் மன்னர் ஹியரோனின் தங்கக் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். தொட்டியில் இறங்கியபோது தண்ணீர் வழிந்தது. ‘யுரேகா’ என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினார். இதை முதலில் எழுதிவைத்தவர் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஆர்க்கிமிடிஸ் இறந்து இரு நூற்றாண்டுகள் ஆன பின்பு. ஆர்க்கிமிடிஸின் நூல் எதிலும் இது இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை இன்னும் ஆட்டம் காண்கிறது. கிரீடம் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் என்றால் அதன் கன அளவு ஏறக்குறைய 52 கன சென்டிமீட்டர். பத்தில் மூன்று பங்கு வெள்ளி கலந்திருந்தால் 65. வித்தியாசம் 13. கிரீடம் இறங்கும் அளவுக்கு 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் இந்த 13 கன சென்டிமீட்டர் நீர்மட்டத்தை 0.4 மில்லிமீட்டர்தான் உயர்த்தும். பாத்திர விளிம்பில் தண்ணீர் நிற்கும் வளைவிலேயே அது காணாமல் போய்விடும். 1586இல், 22 வயதில், கலிலியோ ‘சிறு தராசு’ என்ற குறிப்பில் இதைத்தான் கேட்டார்: இவ்வளவு கூர்மையான மூளை இத்தனை முரட்டு வழியையா கையாண்டிருக்கும்? அவர் சொன்ன மாற்று வழி, தண்ணீரில் அமிழ்த்தித் தராசில் எடை பார்ப்பது. அதன் எளிய வடிவம்: தராசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அதே எடைக்குத் தங்கம். இரண்டையும் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட வேண்டும். நம் கிரீடத்தில் கலப்படம் இருந்தால் அந்தப் பக்கம் 13 கிராம் இலேசாகித் தராசு சாயும். அந்தச் சாய்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘மிதக்கும் பொருள்கள்’ நூலில் ஆர்க்கிமிடிஸ் நிறுவிய விதியிலிருந்து நேராக வருகிற முறை இது. நடந்தது இப்படித்தான் என்று கலிலியோவிடமும் சான்று இல்லை. ஆனால் ஆர்க்கிமிடிஸின் மனம் தராசை நோக்கியே ஓடும் என்று அவர் ஊகித்தது எவ்வளவு சரி என்பது 320 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

கி.மு. 212இல் ரோமானியத் தளபதி மார்செல்லஸின் படை நீண்ட முற்றுகைக்குப் பின் சிராகூஸைப் பிடித்தது. அதுவரை நகரைக் காத்ததில் ஆர்க்கிமிடிஸின் எறிகவண்களுக்கும், கப்பல்களைக் கவ்வித் தூக்கிக் கவிழ்த்த இயந்திரங்களுக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதுகிறார். கண்ணாடிகளை வைத்துக் கப்பல்களை எரித்த கதை போலிபியஸிடமும் இல்லை, லிவியிடமும் இல்லை, புளூட்டார்க்கிடமும் இல்லை. நாமும் விட்டுவிடலாம். நகரம் விழுந்த நாளில் ஒரு சிப்பாயின் வாளுக்கு அவர் பலியானார்.

தன் கல்லறையில் ஒரு கோளத்தையும் அதைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தும் உருளையையும் பொறிக்கும்படி உறவினர்களிடம் சொல்லியிருந்தாராம். இயந்திரமோ கப்பலோ அல்ல, இந்த ஒரு விகிதம்தான் அவர் பெருமைப்பட்டது: உருளையில் மூன்றில் இரண்டு பங்கு கோளம். கி.மு. 75இல் சிசிலிக்கு ரோமானிய அதிகாரியாக வந்த சிசரோ, முட்புதர் மண்டிக் கிடந்த கல்லறையை அந்தச் சின்னத்தை வைத்தே அடையாளம் கண்டார். சிராகூஸ்காரர்களுக்கு அப்படியொரு கல்லறை இருப்பதே தெரியவில்லை. இன்று அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ஆர்க்கிமிடிஸின் முகமும் மறுபக்கத்தில் அதே கோளமும் உருளையும் இருக்கின்றன.

அவருடைய நூல்கள் பிழைத்ததும் மயிரிழையில்தான். கிரேக்க மூலத்தில் மூன்று கையெழுத்துப் பிரதிகள் மட்டுமே மத்திய காலத்தைத் தாண்டி வந்தன. இரண்டு ஐரோப்பாவை அடைந்து, மொழிபெயர்க்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, பிறகு தொலைந்துபோயின. மூன்றாவது, கான்ஸ்டான்டிநோபிளில் 10ஆம் நூற்றாண்டில் ஆட்டுத்தோல் ஏட்டில் எழுதப்பட்ட பிரதி. தோல் ஏடு விலை உயர்ந்த பொருள். 1229இல் அயோன்னிஸ் மைரோனாஸ் என்ற பாதிரியார் அந்தத் தாள்களில் இருந்த எழுத்தைக் கழுவிச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு தாளையும் பாதியாக மடித்து, பக்கவாட்டில் திருப்பிப் பிரார்த்தனைகளை எழுதினார். ஆர்க்கிமிடிஸின் வரிகள் மேலிருந்து கீழாக ஓட, அவற்றின் குறுக்கே ஜெபங்கள் ஓடின. பல நூற்றாண்டுகள் அது பெத்லகேமுக்கு அருகே பாலைவனத்தில் உள்ள மார் சபா மடத்தில் ஜெபப் புத்தகமாகவே இருந்தது. மைரோனாஸைத் திட்டத் தோன்றும். திட்டக் கூடாது. ஜெபப் புத்தகமாக இருந்ததால்தான் யாரும் அதை எரிக்கவில்லை, எறியவும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் புத்தகம் கான்ஸ்டான்டிநோபிளுக்கே திரும்பியிருந்தது. அங்கிருந்த சுவடிகளுக்கு 1899இல் அச்சான ஒரு பட்டியலில், இந்த ஏட்டின் அடியில் மங்கலாகத் தெரிந்த கிரேக்கக் கணித வரிகள் சிலவும் இடம்பெற்றிருந்தன. கோபன்ஹேகனில் ஆர்க்கிமிடிஸ் நூல்களைப் பதிப்பித்திருந்த அறிஞர் யோஹான் லுட்விக் ஹைபெர்க் அந்த வரிகளைப் பார்த்ததும் யாருடையவை என்று புரிந்துகொண்டார். 1906இல் நேரில் போய், உருப்பெருக்கிக் கண்ணாடியும் புகைப்படங்களுமாக உட்கார்ந்து படித்தார். உள்ளே இருந்தவற்றில் ஒன்று, வேறெங்கும் பிழைத்திராத ‘முறை’ என்ற நூல். எரட்டோஸ்தனிஸுக்கு எழுதிய கடிதம். வாலிஸ் கேட்ட கேள்விக்கான பதில் அதில் இருந்தது.

அதை இங்கே செய்தே பார்த்துவிடலாம். ஆர்க்கிமிடிஸ் எண்களில் செய்யவில்லை, வடிவியலில் செய்தார். நமக்கு எண் வசதி.

10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு கோளம். விட்டம் 20. இதோடு ஒரு கூம்பு, உயரம் 20, அடியின் ஆரமும் 20. அதே உயரமும் அதே அடியும் கொண்ட ஓர் உருளை. மூன்றையும் படுக்கை வாட்டத்தில், ஒரே அச்சில், ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். கூம்பின் நுனியும் கோளத்தின் துருவமும் ஒரே புள்ளியில் இருக்கட்டும். அந்தப் புள்ளிதான் தராசின் நடுமுனை.

இப்போது நடுமுனையிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒரு கத்தியை இறக்கி மூன்றையும் வெட்டுங்கள். மூன்று வட்டத் துண்டுகள் கிடைக்கும். எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பையை விட்டுவிட்டு, ஆரத்தின் வர்க்கத்தை மட்டும் பார்ப்போம். கோளத் துண்டு 75. கூம்புத் துண்டு 25. இரண்டும் சேர்ந்து 100. உருளைத் துண்டு 400. உருளைத் துண்டை இருக்கும் இடத்திலேயே, நடுமுனைக்கு 5 சென்டிமீட்டர் தள்ளி விட்டுவிடுங்கள். கோளத் துண்டையும் கூம்புத் துண்டையும் எடுத்துத் தராசின் மறுபக்கம் 20 சென்டிமீட்டரில் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் 400 பெருக்கல் 5, அதாவது 2000. மறுபக்கம் 100 பெருக்கல் 20, அதுவும் 2000. தராசு அசையவில்லை.

8 சென்டிமீட்டரில் வெட்டினால்? கோளத் துண்டு 96, கூம்புத் துண்டு 64, சேர்ந்து 160. அதை 20ஆல் பெருக்க 3200. உருளை 400 பெருக்கல் 8, அதே 3200. எங்கே வெட்டினாலும் சரியாக வரும். ஒவ்வொரு துண்டும் சமன் என்றால் முழுசும் சமன். ஆகவே முழுக் கோளமும் முழுக் கூம்பும் 20 சென்டிமீட்டரில் தொங்க, முழு உருளை மறுபக்கம் அப்படியே கிடக்கிறது. உருளையின் எடை மையம் அதன் நடுவில், 10 சென்டிமீட்டரில். இருமடங்கு தூரத்தில் இருப்பது பாதி எடை இருந்தால் போதும். கோளமும் கூம்பும் சேர்ந்தால் உருளையில் பாதி.

கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். பாதியில் மூன்றில் ஒன்றைக் கழித்தால் ஆறில் ஒன்று. அதுதான் கோளம். கோளத்தை இறுக்கிப் பிடிக்கும் சிறிய உருளை இந்தப் பெரிய உருளையில் நாலில் ஒரு பங்கு. ஆறில் ஒன்றை நாலில் ஒன்றால் வகுங்கள், மூன்றில் இரண்டு. கல்லறையில் பொறிக்கச் சொன்ன விகிதம்.

ஒரு கோளத்தின் கன அளவு தெரிய அதை வெட்டி எடை போடுவது! கிரேக்கக் கணிதத்தின் ஆசாரப்படி இது தீட்டு. கணிதப் பொருளுக்கு எடை கிடையாது. ஒரு திடப்பொருளை எண்ணற்ற தட்டையான துண்டுகளின் கூட்டம் என்று எடுத்துக்கொள்வதும் கூடாது. ஆர்க்கிமிடிஸுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: இது நிறுவல் ஆகாது, விடை இப்படித்தான் இருக்கும் என்ற ஜாடை. ஆனால் விடையைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்துகொண்டு நிறுவலைத் தேடுவது, ஒன்றுமே தெரியாமல் தேடுவதைவிட எளிது. ஆகவே இந்த முறையை வெளியிடுகிறேன். இன்றிருப்பவர்களோ இனி வருபவர்களோ இதைக் கொண்டு எனக்குத் தோன்றாத தேற்றங்களையும் கண்டுபிடிப்பார்கள் என்கிறார். மறைத்துவிட்டார் என்று வாலிஸ் சாட்டிய குற்றம் இங்கே தள்ளுபடியாகிறது. அவர் சொல்லித்தான் இருந்தார். கடிதம்தான் வந்து சேரவில்லை. வாலிஸும் நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்கிய காலத்தில் அது ஜெபங்களுக்கு அடியில் கிடந்தது.

அதே கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நிறுவியவர் முந்தைய காலக் கணிதவியலாளர் யூடாக்சஸ். ஆனால் நிறுவல் இல்லாமல் அதை முதலில் சொன்னவர் தத்துவவாதி டெமாக்ரிட்டஸ். பெருமையில் அவருக்குப் போக வேண்டிய பங்கு சிறிதல்ல என்று ஆர்க்கிமிடிஸ் எழுதுகிறார். நிறுவல் இல்லாமல் பீற்றிக்கொள்பவர்களுக்குப் பொறி வைத்த அதே மனிதர்! பொய்யாக உரிமை கொண்டாடுவது வேறு, சரியாக ஊகிப்பது வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பள்ளிப் புத்தகத்தில் யுரேகாக் கதைக்கு ஒதுக்கும் இடத்தை இந்தக் கடிதத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஒரு கணிதவியலாளர் எப்படி யோசிக்கிறார் என்று தொட்டிக் கதையில் ஒன்றும் தெரியாது.

ஏட்டின் கஷ்டகாலம் ஹைபெர்க்கோடு முடியவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் அது காணாமல் போய், பிரான்ஸில் ஒரு குடும்பத்திடம் இருந்தது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது. நான்கு பக்கங்களில் யாரோ தங்கப் பின்னணியில் நற்செய்தியாளர்களின் படங்களை வரைந்து, பழங்காலத்து ஏடு போலக் காட்டி விலையை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பச்சை வண்ணத்தில் இருந்த நிறமி 1938க்கு முன் சந்தையிலேயே கிடையாது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 700 ஆண்டுகளில் செய்யாத சேதத்தைச் சில பத்தாண்டுகள் செய்துவிட்டன. 1998 அக்டோபர் 29 அன்று நியூயார்க் ஏலத்தில் பெயர் சொல்லாத ஒருவர் அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கி, பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்திடம் ஆய்வுக்காக ஒப்படைத்தார்.

புத்தகத்தைக் கட்டுப் பிரித்துத் தாள் தாளாக எடுக்கவே பாதுகாப்பாளர் அபிகெய்ல் குவான்ட்டுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. முதுகில் யாரோ நவீனப் பசையைத் தடவியிருந்தார்கள். பிறகு புற ஊதா முதல் அகச்சிவப்பு வரை பல அலைநீளங்களில் படமெடுத்து, மேல் எழுத்தை மங்கவைத்துக் கீழ் எழுத்தை மேலே கொண்டுவந்தார்கள். தங்கப் படங்களுக்கு அடியில் ஒளி போகாது. அந்தப் பக்கங்களைக் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி நிலையத்துக்குக் கொண்டுபோய் எக்ஸ்-கதிர் பாய்ச்சினார்கள். பழைய மையில் இரும்பு உண்டு. கழுவிய பிறகும் தோலில் தங்கிவிட்ட அந்த இரும்பு ஒளிர்ந்து எழுத்தாகத் தெரிந்தது.

ஹைபெர்க்குக்கு முழுதாகப் படிக்க முடியாமல் போன ‘முறை’ நூலின் 14ஆம் தேற்றத்தை 2001இல் கணித வரலாற்றாசிரியர்கள் ரெவியல் நெட்ஸும் கென் சைட்டோவும் படித்தார்கள். உருளையைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் குளம்பு வடிவத் துண்டு, அதைச் சூழ்ந்த சதுரப் பட்டகத்தில் சரியாக ஆறில் ஒரு பங்கு என்பது தேற்றம். விடையில் பை வருவதே இல்லை, வளைந்த பொருளாக இருந்தும். ஆச்சரியம் விடையில் முடியவில்லை. இரண்டு வடிவங்களில் உள்ள முடிவில்லாத துண்டுகளை ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தி, இரண்டும் எண்ணிக்கையில் சமம் என்று ஆர்க்கிமிடிஸ் வாதிடுகிறார். கிரேக்கர்கள் முடிவிலியைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள் என்பது அதுவரை வரலாற்று நூல்களில் அடித்துச் சொல்லப்பட்ட கருத்து. அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஏட்டை வாங்கியவர் தன் பெயரை வெளியிடவில்லை. ஆய்வுக்கான செலவையும் அவரே பெரும்பாலும் ஏற்றார். ஏட்டின் எல்லாப் பக்கங்களின் படங்களும் படித்தெடுத்த கிரேக்க வரிகளும் ஏலம் நடந்து பத்தாண்டு நிறைந்த அன்று, 2008 அக்டோபர் 29ஆம் தேதி, இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. எடுத்துப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும்.